மூப்பர்களின் சபையும் மலைமேல் ஒரு கல்லாலயமும்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்படும் பாதை சிறிது தூரத்திலேயே மலையேறத் தொடங்கிவிடுகிறது. வளைவுகள் பலவற்றைக் கடந்து போடிமெட்டை அடைந்தால் அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிறது. பின்னர் பூப்பாறை, தேவிகுளம், அதற்கப்பால் மூணாறு. ஏல மணமும் தேயிலைப் பசுமையும் நிறைந்த இந்த வழி நம் சமுதாயத்தாருக்குப் புதியதன்று. போடியிலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் வாழ்ந்த இராவுத்தர் குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாக இம்மலைகளோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவை. மலையில் ஈட்டிய பொருள் கீழே கல்விச்சாலைகளாகவும் மலர்ந்தது. 1956ஆம் ஆண்டில் உத்தமபாளையத்தில் தோன்றிய ஹாஜி கருத்த இராவுத்தர் ஹவ்தியா கல்லூரி அதற்கு நிலைத்த சான்றாகும்.

இவ்வழியே மூணாறு சென்று திரும்புகிறவர்கள், ஊரை ஒட்டிய ஒரு குன்றின்மேல் கருங்கல்லால் எழுந்து நிற்கும் பழைய ஆலயமொன்றைக் கண்டிருப்பார்கள். கிறைஸ்ட் சர்ச் என்பது அதன் பெயர். ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த தோட்டத் துரைமார்கள் தங்கள் தொழுகைக்கென்று கட்டிக்கொண்ட ஆலயம் அது. இன்று துரைமார்கள் இல்லை, ஆலயம் இருக்கிறது. அதில் கூடுகிறவர்களோ, அன்று அத்துரைமார்களின் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள்.

கட்டியவர்கள் போய்விட்டார்கள்; கூடுகிறவர்கள் மாறிவிட்டார்கள். அப்படியானால் ஓர் இறையில்லம் யாருக்கு உரியது? பணம் கொடுத்தவருக்கா, பத்திரம் வைத்திருப்பவருக்கா, வாரந்தோறும் வந்து தலைவணங்குபவருக்கா? இந்தக் கேள்வியை ஸ்காட்லாந்தின் பிரஸ்பிட்டேரியன் சபையார் தங்கள் வரலாற்றில் பலமுறை எதிர்கொண்டார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தின் பெயரால் ஊர்கள் பிளவுண்டு நிற்பதைக் கண்டு வருந்தும் நமக்கு, அவர்களுடைய வரலாற்றில் கற்றுக்கொள்ளத் தக்கவை உண்டு. கொள்கையில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படையானது. எனினும் வேதம் அருளப்பெற்றவர்களின் வரலாற்றைப் படித்துப் படிப்பினை பெறுவது நமக்கு விலக்கப்பட்டதன்று.

மூப்பர் என்ற சொல்

'பிரஸ்பிட்டரோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு வயதில் மூத்தவர் என்பது பொருள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதனை 'மூப்பர்' என்று அழகாகப் பெயர்த்துக்கொண்டார்கள். அரபியில் 'ஷைகு' என்ற சொல்லும் முதலில் முதியவரையே குறித்தது. பின்னரே அது கற்றறிந்தோருக்கும் தலைவருக்கும் உரிய பட்டமாயிற்று. வயதும் அறிவும் நிதானமும் ஒருங்கே அமைந்தவரிடம் பொறுப்பை ஒப்படைப்பது கீழை நாடுகளின் பழைய வழக்கம். அவ்வழக்கத்தின் சாயல் இச்சொற்களில் படிந்திருக்கிறது.

ரோமில் போப்பாண்டவரும் அவருக்குக் கீழே பேராயர்களும் அவர்களுக்குக் கீழே குருமார்களும் என்று படிப்படியாக அமைந்திருந்த ஆட்சியை, பதினாறாம் நூற்றாண்டில் சீர்திருத்தவாதிகள் எதிர்த்தனர். ஜெனீவா நகரில் கால்வின் வகுத்த முறையைக் கற்றுவந்த ஜான் நாக்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தில் அதனைப் பரப்பினார். 1560ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் போப்பின் அதிகாரத்தை விலக்கியது. மூப்பர்களின் ஆட்சிமுறை மெல்ல மெல்ல வேரூன்றியது.

அம்முறையின் அமைப்பு இது: ஒவ்வொரு சபையும் தனக்கென மூப்பர்களைத் தேர்ந்துகொள்ளும். போதகரும் மூப்பர்களும் சேர்ந்த குழு அச்சபையை நடத்தும். பல சபைகளின் போதகர்களும் மூப்பர்களும் கூடியது 'பிரஸ்பிட்டரி'. அதற்கு மேல் சினாடு. எல்லாவற்றிற்கும் மேலாகப் பொதுப்பேரவை. பேராயர் என்ற தனிமனித அதிகாரத்திற்கு இங்கே இடமில்லை. போதகர் ஒருவர் எத்துணைப் புலமை உடையவராயினும் அவரும் குழுவின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவரே. இதற்காக அவர்கள் அரசரோடும் மோதினர். முதலாம் சார்லஸ் மன்னர் ஆங்கிலத் திருச்சபையின் முறைகளைத் தழுவிய வழிபாட்டு நூலொன்றை 1637ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின்மீது திணித்தபோது, மறு ஆண்டே அந்நாட்டார் உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டு எதிர்த்து நின்றனர்.

அவர்களுடைய தொழுமிடமும் எளிமையானது. உருவங்கள் இல்லை, சிலைகள் இல்லை, நெடுங்காலம் இசைக்கருவிகளும் இல்லை. வேதத்தை விளக்கும் மேடையே ஆலயத்தின் மையம். நம் பள்ளிவாசலின் மிம்பரை நினைவூட்டும் அமைப்பு என்று சொல்லலாம். கலந்தாலோசித்துக் காரியம் ஆற்றுவதும் நமக்கு அந்நியமானதன்று. 'ஷூரா' என்ற பெயரிலேயே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் உண்டென்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர்.

எழும்பூரில் எழுந்த கோபுரம்

தமிழகத்தில் பிரஸ்பிட்டேரியன் சபையின் தாய்வீடு சென்னை எழும்பூரில் உள்ள புனித அந்திரேயா ஆலயம். ஸ்காட்லாந்து மொழியில் ஆலயத்தைக் 'கிர்க்' என்பர். அதனால் 'தி கிர்க்' என்றே சென்னையில் பலரும் அதனை வழங்குகின்றனர்.

கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிந்தோருள் ஸ்காட்லாந்தியர் ஏராளம். ஆயினும் கம்பெனியின் செலவில் இயங்கியவை ஆங்கிலத் திருச்சபையின் ஆலயங்களே. 1813ஆம் ஆண்டில் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட்ட பிறகே மூன்று மாகாணங்களுக்கும் ஸ்காட்லாந்துச் சபையைச் சேர்ந்த குருமார்களை அனுப்ப வழி பிறந்தது. சென்னைக்கு ஜான் ஆலன் வந்து சேர்ந்தார். 1818ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. 1821ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆலயம் தொழுகைக்குத் திறக்கப்பட்டது.

கட்டடக் கலையை அறிந்தோர் வியக்கும் செய்தி ஒன்று அதன் அடித்தளத்தில் புதைந்திருக்கிறது. நிலம் சதுப்பானது. பெரும் பாரத்தைத் தாங்கவேண்டிய கட்டடம். மேஜர் தாமஸ் டி ஹாவிலண்டு முதலானோர் ஐரோப்பிய முறையை விட்டு நம் நாட்டு முறையையே கையாண்டனர். ஆற்றங்கரையிலும் மணற்பாங்கிலும் நம்மவர் காலங்காலமாக இறக்கிவந்த கிணறுகளைப்போல, நூற்றைம்பது வரையில் கிணறுகளை இறக்கி, அவற்றின்மேல் ஆலயத்தை நிறுத்தினர். மேலே பார்த்தால் லண்டன் நகரத்து ஆலயத்தின் சாயல். கீழே பார்த்தால் தமிழ்நாட்டுக் கிணறு வெட்டுவோரின் கைத்திறன். நடுவே வட்ட வடிவான தொழுகைக் கூடம். பதினாறு தூண்கள் தாங்கும் குவிமாடம். அதன் உட்புறம் நீல வண்ணம் தீட்டி விண்மீன்களைப் பொறித்திருக்கிறார்கள். கோபுரத்தின் உயரம் 160 அடிக்கும் மேல். செல்லுக்கு இரையாகாதிருக்க மரத்தின் பயனைக் குறைத்துச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலுமே கட்டினர்.

இவ்வளவு பெரிய கட்டடம் எழுந்தபோது அதில் கூடியவர்கள் கம்பெனியின் ஸ்காட்லாந்துப் பணியாளர்களும் அவர்தம் குடும்பத்தாருமே. அடித்தளத்துக் கிணறுகளை இறக்கிய தமிழன் உள்ளே வந்து அமரும் காலம் அன்று வரவில்லை. தமிழ் மக்களிடையே அச்சபையின் பணி 1837ஆம் ஆண்டில், ஜான் ஆண்டர்சன் என்பவர் தொடங்கிய ஒரு பள்ளிக்கூடத்தின் வழியாகவே வேர்விட்டது. அப்பள்ளிக்கூடமே பிற்காலத்தில் வில்லியம் மில்லரின் உழைப்பால் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1937ஆம் ஆண்டில் தாம்பரத்திற்கு இடம் மாறியது. சமயம் கடந்து தமிழகத்தின் எல்லாச் சமூகத்தாரும் அதனால் பயனடைந்தனர்.

கட்டடத்தை விட்டு வெளியேறியவர்கள்

ஆண்டர்சன் பள்ளி தொடங்கி ஆறாண்டுகளில் தாய்நாட்டில் ஒரு பெரும் பிளவு நேர்ந்தது. ஸ்காட்லாந்தில் சபைகளுக்குப் போதகரை நியமிக்கும் உரிமை பல ஊர்களில் அவ்வூர் நிலப்பிரபுவின் கையில் இருந்தது. சபையார் விரும்பாத ஒருவரைப் பிரபு நியமிக்கலாம். நீதிமன்றமும் பிரபுவின் பக்கமே நின்றது. 'எங்கள் தொழுகையை நடத்துபவரைத் தேர்வது எங்கள் உரிமையா, நிலத்துக்குச் சொந்தக்காரரின் உரிமையா?' என்று மூப்பர்கள் கேட்டனர்.

1843ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் எடின்பரோவில் பொதுப்பேரவை கூடியது. கண்டன அறிக்கையைப் படித்துவிட்டு ஒரு கூட்டத்தார் எழுந்து வரிசையாக வெளியேறினர். தாமஸ் சால்மர்ஸ் அவர்களுக்குத் தலைவரானார். நாடு முழுவதும் ஏறத்தாழ 470 போதகர்கள் தங்கள் ஆலயத்தையும் வீட்டையும் ஊதியத்தையும் துறந்து 'சுதந்திரச் சபை'யாயினர். அந்நாட்டுப் போதகர்களுள் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

அதன் பின்னர் நடந்தவை உள்ளத்தைத் தொடுபவை. ஆலயம் கட்ட நிலம் தரப் பல பிரபுக்கள் மறுத்தனர். மக்கள் மலைச்சரிவுகளிலும் சாலையோரங்களிலும் பனியிலும் மழையிலும் நின்று தொழுதனர். சுனார்ட் என்ற கடற்கழியின் ஓரத்தில் வாழ்ந்த சபையாருக்குக் காலடி நிலமும் கிடைக்கவில்லை. அவர்கள் பணம் திரட்டி இரும்பால் ஒரு மிதக்கும் ஆலயத்தைச் செய்து நீரில் நிறுத்தினர். நிலம் பிரபுவுடையது; நீர் அவனுடையதன்று அல்லவா! நூறுபேர் ஏறினால் ஓர் அங்குலம் அமிழும் என்று கணக்கிட்டு, அமிழும் அளவைக் கொண்டே அன்றைய கூட்டத்தை அறிந்துகொண்டார்களாம்.

இந்தியாவிலும் அதன் எதிரொலி கேட்டது. இங்கிருந்த ஸ்காட்லாந்து ஊழியர்கள் சுதந்திரச் சபையின் பக்கமே சாய்ந்தனர். கல்கத்தாவில் அலெக்சாண்டர் டஃப் அரும்பாடுபட்டு எழுப்பிய கல்விக்கூடத்தின் கட்டடம் பழைய சபைக்கே உரியதென்று ஆகிவிட்டது. அவர் வேறிடம் தேடி மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்கினார். சென்னையில் ஆண்டர்சனும் அவருடைய தோழர்களும் அவ்வழியே சென்றனர்.

கதை இத்துடன் முடியவில்லை. வெளியேறியவர்களின் சந்ததியாரும் பின்னாளில் சொத்து வழக்கில் சிக்கினர். 1900ஆம் ஆண்டில் சுதந்திரச் சபை மற்றொரு சபையோடு இணைந்து 'ஐக்கிய சுதந்திரச் சபை' ஆயிற்று. முப்பதுக்கும் குறைவான போதகர்கள் மட்டும் இணைய மறுத்து, 'பழைய கொள்கையில் நிற்பவர் நாங்களே. ஆகவே சொத்து முழுவதும் எங்களுக்கே' என்று வழக்காடினர். 1904ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை அவர்களுக்கே வெற்றி என்று தீர்ப்பளித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சபைகளின் ஆலயங்களும் கல்லூரிகளும் அறநிதிகளும் ஒரு கைப்பிடிக் கூட்டத்தாருக்கு உரியவை ஆயின! அவர்களால் அவற்றை நிர்வகிக்கவும் இயலாது. அத்தனை ஆலயங்களை நிரப்ப ஆளும் இல்லை. நாடே திகைத்தது. இறுதியில் 1905ஆம் ஆண்டில் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி, சொத்தை நியாயமாகப் பங்கிட ஆணையம் அமைத்தது.

சட்டம் எழுத்தைப் பார்த்தது. எழுத்தின்படி தீர்ப்பு சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் தொழுபவர் ஒருபக்கமும் தொழுமிடம் மறுபக்கமுமாகப் பிரிந்து நின்ற அந்த ஓராண்டு, வக்ஃபுச் சொத்துகளுக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கும் எவரும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

மலைமேல் வந்த ஸ்காட்லாந்து

ஸ்காட்லாந்தின் பிள்ளைகள் வணிகத்திலும் வல்லவர்கள். ஏலமலைப் பகுதியில் திருவிதாங்கூர் அரசின் அதிகாரியாக இருந்த ஜான் டேனியல் மன்றோ, 1877ஆம் ஆண்டில் பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். தொடக்கத்தில் சின்கோனா, காப்பி, ஏலம் எனப் பலவும் பயிரிட்டுப் பார்த்தனர். 1880இல் பார்வதி என்ற இடத்தில் ஷார்ப் என்பவர் தேயிலையை நட்டார். கிளாஸ்கோ நகரத்து ஃபின்லே மூயர் நிறுவனத்தார் மலைக்கு வந்த பிறகு, 1897ஆம் ஆண்டில் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி தோன்றியது. காடு தேயிலைத் தோட்டமாயிற்று.

அந்நாளில் மூணாற்றின் வாயில் போடிநாயக்கனூரே. மேலே டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடி வரையில் கம்பிவடம் கட்டித் தேயிலைப் பெட்டிகளை இறக்கினர். கொட்டகுடியிலிருந்து வண்டிகள் போடிக்கு வந்தன. மேலே மூணாறு முதல் டாப் ஸ்டேஷன் வரையில் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே ஒரு சிறு இரயிலும் ஓடியது. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அதனை அடித்துச் சென்றுவிட்டது. மதுரையிலிருந்து போடிக்கு இருப்புப்பாதை 1928இல் வந்தது. அகலப் பாதையாக்குவதற்கென்று 2010ஆம் ஆண்டின் இறுதியில் அதில் வண்டிகள் நின்றன. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் போடிக்கு இரயில் வந்தது.

துரைமார்கள் வந்தார்கள், கூடவே தொழிலாளர்களும் வந்தார்கள். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து வறட்சிக்கும் கடனுக்கும் தப்பி வந்த ஏழை மக்களைக் கங்காணிமார் கூட்டம் கூட்டமாக மலையேற்றினர். அவர்களுள் மிகப்பலர், ஊரில் சேரிக்கு ஒதுக்கப்பட்டிருந்த சாதியினர். மலையில் அவர்களுக்குக் கிடைத்தது வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட லயங்களில் ஓர் அறை.

குன்றின்மேல் ஆலயம் வருவதற்கு முன்னர் அங்கே வந்தது ஒரு கல்லறை. கம்பெனியின் மேலாளராக இருந்த ஹென்றி மான்ஸ்ஃபீல்டு நைட் என்பவரின் இளம் மனைவி எலினர் இசபெல் மே, மலைக்கு வந்த சில நாட்களிலேயே, 1894ஆம் ஆண்டு டிசம்பரில் காலரா நோய்க்கு இரையானார். அவருக்கு வயது 24. அக்குன்றிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அதன்பின் அவ்விடம் அடக்கத்தலமாயிற்று. பதினைந்து ஆண்டுகள் கழிந்த பிறகே, 1910ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அதே இடத்தில் ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டினர். மறு ஆண்டில் ஆலயம் திறக்கப்பட்டது. சாளரங்களுக்கு வண்ணக் கண்ணாடி. சுவர்களில், மலையில் வாழ்ந்து மறைந்த தோட்டக்காரர்களின் பெயர் பொறித்த பித்தளைத் தகடுகள். ஸ்காட்லாந்தியரும் ஆங்கிலேயருமாக மலையிலிருந்த புராட்டஸ்டண்டு மதத்தார் அனைவருக்கும் அதுவே பொது ஆலயமாக விளங்கியது.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். 1843இல் நிலப்பிரபுவின் ஆதிக்கத்தை எதிர்த்து ஆலயத்தை விட்டு வெளியேறிய மக்களின் நாட்டிலிருந்து வந்தவர்களே, இந்த மலையில் நிலத்துக்கும் நீருக்கும் லயத்துக்கும் ஆளுக்கும் சொந்தக்காரராக இருந்தனர். எந்த அநியாயத்தை அவர்தம் பாட்டன்மார் எதிர்த்தனரோ, அந்த இடத்திலேயே பேரர்கள் அமர்ந்திருந்தனர். இது ஸ்காட்லாந்தியருக்கு மட்டும் உரிய குறையன்று. ஒடுக்கப்பட்டவர் உயர்ந்ததும் ஒடுக்குபவராவது மனித குலத்தின் பழைய நோய். அதற்கு விலக்கானவர்கள் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல எந்தச் சமூகத்தால் முடியும்?

இணைந்த சபைகள்

மலையின் இப்பக்கத்திலும் ஒரு வரலாறு நடந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்த அமெரிக்க ஊழியர்கள் 1834ஆம் ஆண்டில் மதுரையில் பணி தொடங்கினர். பெரியகுளத்தில் ஒரு நிலையம் அமைத்துக் கம்பம் பள்ளத்தாக்குவரை அவர்கள் சுற்றி வந்தனர். அங்கிருந்த டேவிட் ஸ்கட்டர் என்ற இளம் ஊழியர் 1862இல் வையை வெள்ளத்தைக் கடக்கும்போது மூழ்கி மறைந்தார். இவர்கள் 'காங்கிரிகேஷனல்' மரபினர். ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே ஆளவேண்டும். அதற்குமேல் மூப்பர் பேரவையும் வேண்டியதில்லை என்பது அவர்கள் கொள்கை. சாதியை விடாதவர்களைச் சபைப் பணியில் வைத்திருப்பதில்லை என்று 1847ஆம் ஆண்டில் அவர்கள் உறுதியாக நின்றபோது, உடன் உண்ண மறுத்து உபதேசியார் பலர் விலகினர் என்பதும் வரலாறு.

பிரஸ்பிட்டேரியன் சபையாரும் காங்கிரிகேஷனல் சபையாரும் 1908ஆம் ஆண்டில் ஒன்றுகூடித் 'தென்னிந்திய ஐக்கிய சபை'யை அமைத்தனர். 1919ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் கூடிய ஊழியர்கள், பெரும்பாலோர் இந்தியர், இன்னும் ஒருபடி மேலே சென்றனர். ஐரோப்பாவில் நடந்த சண்டைகளின் பெயரால் இந்தியர்கள் ஏன் பிரிந்து நிற்கவேண்டும் என்பது அவர்கள் கேள்வி. வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்களுள் முதன்மையானவர். ஆங்கிலத் திருச்சபையோடும் மெதடிஸ்டுகளோடும் பேச்சு தொடங்கியது.

முட்டுக்கட்டையாக நின்றது பேராயர் பதவியே. பேராயர் இல்லாமல் சபை இல்லை என்றனர் ஒருசாரார். பேராயரை எதிர்த்தே எங்கள் முன்னோர் இரத்தம் சிந்தினர் என்றனர் மறுசாரார். இருபத்தெட்டு ஆண்டுகள் பேசினார்கள். கடைசியில் இருவரும் விட்டுக்கொடுத்தனர். பேராயர் இருப்பார்; ஆனால் அவர் அமைப்புச் சட்டத்திற்குக் கட்டுப்பட்டவராயிருப்பார்; போதகரும் பொதுமக்களும் சேர்ந்த பேரவைகள் எல்லா நிலைகளிலும் இருக்கும். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், நாடு விடுதலை பெற்ற ஆறு வாரங்களில், சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அதன் குருமார்களுக்கு இன்றும் 'பிரஸ்பிட்டர்' என்றே பெயர். ஸ்காட்லாந்து மூப்பர்களின் சொல் அவ்வாறு நிலைத்துவிட்டது.

அன்று பொறுப்பேற்ற புதிய பேராயர்களுள் ஒருவர் லெஸ்லி நியூபிகின். எடின்பரோ பிரஸ்பிட்டரியால் போதகராக்கப்பட்டு, 1936ஆம் ஆண்டில் தமிழகம் வந்து, காஞ்சிபுரத்தில் பணியாற்றி, தமிழை நன்கு கற்றவர். பேராயர் பதவியே ஆகாதென்ற மரபில் வளர்ந்த அவர், மதுரை – இராமநாதபுரம் திருமண்டலத்தின் பேராயரானார். போடிநாயக்கனூர்ப் பகுதியும் அத்திருமண்டலத்தின் எல்லைக்குள் அடங்கியதே. பதவிக்குரிய ஆடம்பரத்தைவிட ஊர் ஊராகச் சென்று எளிய மக்களோடு அமர்வதையே அவர் பெரிதும் விரும்பினார் என்பது அவருடைய குறிப்புகளைப் படித்தோர் அறிந்தது. 1959ஆம் ஆண்டுவரை அப்பொறுப்பில் இருந்தார், பின்னர் சென்னைப் பேராயரானார், 1998இல் மறைந்தார்.

எழும்பூர் கிர்க்கும் காலப்போக்கில் அத்திருச்சபையில் இணைந்தது. மூணாற்றுக் குன்றின் ஆலயமும் அதன் ஆலயமாயிற்று. துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறினர். காலியான இருக்கைகளில் தோட்டத்து மக்கள் வந்து அமர்ந்தனர். தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அங்கே வழிபாடு நடைபெறுகிறது. சபை தேய்ந்துவிடவில்லை, வளர்ந்திருக்கிறது.

பிரஸ்பிட்டேரியன் சபை மிகவும் செழித்த இடம் நம் நாட்டில் மிசோரம். 'பூஃபாய் தாம்' என்பது அங்குள்ள வழக்கம். வேளைதோறும் உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று தனியே எடுத்து வைப்பார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்தப் பிடியரிசியே அச்சபையின் பெரும் நிதிகளுள் ஒன்றாக இருந்து வருகிறது. நம் ஊர்களிலும் மத்ரஸாக்களுக்கென்று பிடியரிசி எடுத்துவைத்த தாய்மார்கள் இருந்தார்கள். செல்வந்தர் ஒருவரின் நன்கொடை கட்டடத்தை எழுப்பும்; ஆயிரம் அடுப்படிகளின் பிடியரிசி ஜமாஅத்தை எழுப்பும்.

பெயர் பொறித்த கல்லும் பெயரற்ற மண்ணும்

மூணாற்றில் ஊரைச் சூழ்ந்த உயரங்களில் ஆலயமும் கோயிலும் பள்ளிவாசலும் இருக்கின்றன. லயத்திலிருந்து இறங்கி வருகிற தமிழ் மக்கள் மூன்றிற்கும் பிரிந்து செல்கின்றனர். மறுநாள் காலையில் ஒரே மலைச்சரிவில் ஒன்றாக நின்று கொழுந்து பறிக்கின்றனர்.

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, பெருமழையில் பெட்டிமுடி என்னுமிடத்தில் மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த எழுபது பேர் மாண்டனர். கிடைத்த உடல்களை இராஜமலையில் ஒருசேர அடக்கம் செய்தனர். 1894இல் இறந்த ஓர் இளம்பெண்ணுக்கு நிலைத்த கல்லறையும் அதன் பக்கத்தில் ஓர் ஆலயமும் உண்டு. அம்மலையைப் பொன்விளையும் பூமியாக்கிய ஆயிரமாயிரம் தொழிலாளர்களுள் எத்தனை பேருக்குப் பெயர் பொறித்த ஒரு கல் உண்டு? ஆலயச் சுவரின் பித்தளைத் தகடுகளில் அவர்கள் பெயர் இல்லை. ஆனால் அச்சுவருக்குள் இன்று உயிர் இருக்கிறதென்றால், அது அவர்களுடைய பிள்ளைகளின் குரலால்தான்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஜெருசலேம் நகரில் நுழைந்தபோது, தொழுகை நேரம் வந்தும் கிறிஸ்தவர்களின் ஆலயத்திற்குள் தொழாமல் வெளியே வந்து தொழுதார்கள் என்று வரலாறு கூறும். 'உமர் தொழுத இடம்' என்று சொல்லிப் பின்னால் வருபவர்கள் அதனைக் கைப்பற்றிவிடக் கூடாதென்பது அப்பெருமகனாரின் கவலை. வெற்றி பெற்றவரின் கையில் நகரமே இருந்தது. ஆயினும், தொழுகிறவர்களிடமிருந்து தொழுமிடத்தைப் பிரிக்கக்கூடாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நஜ்ரான் நாட்டுக் கிறிஸ்தவர்கள் மதீனாவுக்கு வந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே தங்கள் முறைப்படி தொழ இடம் பெற்றார்கள் என்று இப்னு இஸ்ஹாக் எழுதியிருக்கிறார்.

ஸ்காட்லாந்து மூப்பர்களின் வரலாறு நமக்குச் சொல்வது இதுதான். 1843இல் கட்டடத்தை இழந்தவர்கள் சபையை இழக்கவில்லை. 1904இல் கட்டடங்களை வென்றவர்களுக்கு அவற்றை நிரப்பச் சபை இல்லை. 1947இல் தன்மானத்தைச் சிறிது விட்டுக்கொடுத்தவர்கள் பெருஞ்சபையைப் பெற்றார்கள். நம் ஊர்களில் முத்தவல்லிப் பதவிக்கும் நிர்வாகக் குழுவுக்கும் போட்டியிட்டு, ஒரே தெருவில் இரு பள்ளிகள் எழுவதையும், ஒரே குடும்பத்தார் இரு பள்ளிகளில் பெருநாள் தொழுவதையும் காண்கிறோம். மனாராவின் உயரத்தை அளந்து பார்க்கிறோம். முதல் வரிசையின் நீளத்தை அளந்து பார்ப்பதில்லை. மூப்பர்கள் அமர்ந்து கலந்தாலோசிக்கும் பாய், வழக்கறிஞரின் மேசையைவிட மலிவானது. அதைவிடப் பரக்கத்தும் உடையது.

போடிமெட்டின் வளைவுகளில் மேலேறும்போது, திரும்பிப் பார்த்தால் கீழே நம் ஊரின் மனாராவும் கோபுரமும் சிறு புள்ளிகளாகத் தெரியும். இன்னும் சற்று உயரம் சென்றால் அவையும் மறைந்துவிடும். அங்கிருந்து பார்க்கும் கண்ணுக்குக் கட்டடங்கள் தெரிவதில்லை. அவற்றில் யார் கூடினார்கள், கூடியவர்கள் ஒருவருக்கொருவர் எவ்வாறு நடந்துகொண்டார்கள் என்பதே அல்லாஹ்வின் திருமுன் எஞ்சி நிற்கும்.